இயக்கியும் உடைமையும்: திறந்த மூல இயங்குதளங்களின் வரலாற்றில் ஒரு முரண்பாடு

தொழில்நுட்ப வரலாற்றைத் தனிமனித மேதைமையின் வரலாறாகவோ தார்மிகக் கோபத்தின் வரலாறாகவோ எழுதுவது வழக்கம். திறந்த மூல இயங்குதளங்களின் வரலாறும் இதற்கு விலக்கன்று. ஆயின், இயங்குதளத்துக்கும் அச்சுப்பொறி, வரைகலை அட்டை முதலிய வன்பொருள்களுக்கும் இடையே நின்று ஏவல்களைக் கடத்தும் 'இயக்கி' என்னும் சிறு மென்பொருளை ஊன்றி நோக்குமிடத்து, வேறொரு சித்திரம் புலப்படும்.

1980ஆம் ஆண்டளவில் மாசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்துக்கு செரொக்ஸ் நிறுவனம் லேசர் அச்சுப்பொறியொன்றை அன்பளிப்பாக வழங்கியது. கடதாசி சிக்கியதும் பயனாளருக்கு அறிவிக்கும் வசதியை முன்னைய அச்சுப்பொறிக்கு எழுதிச் சேர்த்திருந்தவர் ரிச்சர்ட் ஸ்ரோல்மன். புதிய பொறிக்கு அதனைச் செய்ய இயலவில்லை, மூலநிரல் தரப்படவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அந்நிரலை வைத்திருந்தவரும், வெளியிடுவதில்லையென உடன்பட்டிருந்தமையால் மறுத்துவிட்டார். பொறி கைக்கு வந்தது. அதுபற்றிய அறிவு வரவில்லை. ஸ்ரோல்மன் 1983இல் அறிவித்த க்னூ திட்டத்தின் பின்னணியில் இவ்வனுபவமும் உண்டு.

1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் ரோர்வால்ட்ஸ் தொடக்கிய லினக்ஸ், மறு ஆண்டு க்னூ பொது உரிமத்தின்கீழ் வந்தது. இயங்குதளம் கூட்டுழைப்பின் பொதுச்சொத்தாயிற்று; வன்பொருளின் நுணுக்கங்களோ பெரும்பாலும் உற்பத்தியாளரின் தனியுடைமையாகவே நின்றன. இம்முரண்பாட்டுக்கு என்விடியா நிறுவனத்தின் வரைகலை அட்டைகள் தக்க சான்றாகும். அதன் லினக்ஸ் இயக்கி நெடுங்காலம் மூடப்பட்டதாகவே வழங்கப்பட்டது. அட்டையின் நடத்தையை அவதானித்தே தொண்டர்கள் 'நூவோ' என்னும் மாற்று இயக்கியை ஆக்கினர். 2012இல் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் ரோர்வால்ட்ஸ் அந்நிறுவனத்தைப் பகிரங்கமாகவே வைதார். எனினும் 2014இல் வெளிவந்த அட்டைகள் தொட்டு, நிறுவனம் ஒப்பமிட்ட நிலைபொருளையே அட்டை ஏற்கலாயிற்று. இதனால் அட்டையின் முழு வேகத்தை எட்டும் வழி நூவோவுக்கு அடைபட்டது.

2022 மே மாதத்தில் என்விடியா தன் இயக்கியின் கருப்பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. இதனை அறச்சீற்றத்தின் வெற்றியெனக் கொள்ளலாமா? வெளியீட்டின்போது தரவு மையங்களுக்கான அட்டைகளுக்கே அது முழுநிறைவுற்றிருந்தது. சாதாரணப் பயனாளரின் அட்டைகளுக்குப் பரீட்சார்த்த நிலையிலேயே இருந்தது. 2018இல் அறிமுகமான ரியூரிங் வகைக்கு முற்பட்ட அட்டைகளுக்கு அது பயன்படவேயில்லை. மேலும், அட்டையினுள் ஓடும் நிலைபொருளும் பயனாளர் பக்க நூலகங்களும் மூடியே இருந்தன. பெருமூலதனம் லினக்ஸை வேண்டிய இடத்திலேயே கதவு முதலில் திறந்தது. பழைய அட்டையை வைத்திருப்பவன் வெளியே நின்றான். வேலி அகற்றப்படவில்லை, உள்ளே நகர்த்தப்பட்டது என்பதே எமது கருத்து.

அதே 2022இல் டெபியன் சமூகம், மூடிய நிலைபொருளையும் தனது நிறுவல் வட்டில் சேர்க்க வாக்களித்தது. 2023இல் வெளிவந்த டெபியன் 12 அவ்வாறே அமைந்தது. இதனைக் கொள்கைத் துரோகமென்று இகழ்தல் எளிது. ஆயின், மக்கள் கையிலுள்ள பொறிகளில் இயங்காத சுதந்திரம் ஏட்டளவிலேயே நிற்கும் என்பதை நாம் மறந்துவிடலாகாது. உரிமம் நிரலை விடுவிக்கும். பொறியை ஆக்குவோர் எவர், அதன் அறிவு எவர் வசம் உள்ளது என்னும் வினாவை அது தனித்துத் தீர்த்துவிடாது.