கொடுக்காப்புளி: கொடாத புளியா, கோணிய காயா?

கொடுக்காப்புளி என்பது, பிறருக்குக் கொடுக்க மனம் வராத புளி என்று அண்மையில் ஒரு மேடையில் விளக்கம் சொன்னார்கள். கைதட்டலும் கிடைத்தது. எனக்கு மனம் ஆறவில்லை. மாங்காயை மாங்கா, தேங்காயைத் தேங்கா என்னும் அதே வாய்தான் கொடுக்காயைக் கொடுக்கா ஆக்கியது. முழு வடிவம் கொடுக்காய்ப்புளி. யகரத்தை விட்டுவிட்டுப் பொருள் தேடினால் எதுவும் கிடைக்கும்.

கொடு என்றால் வளைவு; கொடுக்காய் என்றால் வளைந்த காய். வில்லுக்குக் கொடுமரம் என்று பெயர்; கொடுவாளும் அப்படியே. வள்ளுவர் செங்கோன்மையை அடுத்துக் கொடுங்கோன்மையை வைத்ததும் நேர்கோல், வளைகோல் என்ற எதிர்நிலையில்தான். கொடுமைக்கும் வேர் அந்தக் கோணலே.

‘அப்படியானால் கொடுங்காய் என்றல்லவா வர வேண்டும்?’ என்பார்கள். கடுங்காற்று என்கிறோம், கடுக்காய் என்றும் சொல்கிறோமே! கடுக்காய்க்குப் பொருந்துவது கொடுக்காய்க்கும் பொருந்தும்.

இலையடியில் இரட்டை முள் இருப்பதால் ‘கொடுக்கு’ என்பதிலிருந்து வந்தது என்போரும் உண்டு. கொடுக்கு தேளுக்கும் குளவிக்கும் உரியது. கருவேலத்துக்கும் இலந்தைக்கும் இருப்பது முள்தான்.

பெயர் தமிழாக இருப்பதால் மரமும் சங்ககாலத்தது என்று எழுதுவது இன்னொரு பிழை. மரம் வந்தது மெக்சிகோவிலிருந்து. அங்குள்ள நாவாட்டில் மொழியில் அது குவாமோச்சிட்ல், ஸ்பானியர் வாயில் குவாமூச்சில், பிலிப்பைன்ஸில் காமச்சிலே. அக்காபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் 1565 முதல் 1815 வரை கப்பல் ஓடிய வழி அது. சோழமண்டலக் கரைச் செடிகளை எழுதிய ராக்ஸ்பர்க் 1798இல் இதற்கு இலத்தீன் பெயர் சூட்டியபோது, அதில் இனிப்பைக் குறிக்கும் ‘டல்சிஸ்’ என்ற சொல்லை வைத்தார். தெலுங்கர் சீமசிந்த, அதாவது சீமைப்புளி என்று வந்த வழியைப் பெயரில் காட்டினார்கள். இந்தியில் அது காட்டு ஜிலேபி. அங்கேயும் கண்ணில் பட்டது சுருள்தான்.

ஈழத்தில் மீன் குழம்புக்குப் போடும் கொறுக்காய்ப்புளி வேறு மரம்; மலையாளியின் குடம்புளிக்கு உறவு. ஒலியை மட்டும் கேட்டு இரண்டையும் குழப்பக் கூடாது.

மழைக்கு முன் வேலியோரம் கொடுக்காப்புளி விதையை ஊன்றிவிட்டால் போதும். வறட்சியைத் தாங்கி வளரும். வெட்ட வெட்ட அடர்ந்து, ஆடு புகாத அரணாகும். வெட்டிய தழையோ அந்த ஆட்டுக்கே தீனி. கோடையில் காய் சிவந்து வெடிக்க, கருவிதையைச் சுற்றி வெண்சதை தெரியும். தின்றால் இனிக்கும், தொண்டையில் துவர்க்கும். பறிக்கத் தொரட்டி வேண்டும். பல ஊர்களில் இதற்குக் கோணப்புளியங்காய் என்றே பெயர். கொடுவும் கோணலும் ஒரே வளைவைச் சொல்கின்றன. வேலியடியில் அண்ணாந்து பார்த்த யாரோ ஒருவர் அந்த வளையத்தைக் கண்டுதான் இப்பெயரை இட்டார் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.