துறைமுகமும் ஒலிப்பும்: நிபோங் திபால் தோட்டத் தமிழும் அமெரிக்க நாடுகளின் ஸ்பானியமும்

முன்னுரை

ஒரு மொழி கடல் கடந்து செல்லும்போது அதன் எல்லா வழக்குகளும் ஒருங்கே செல்வதில்லை. எந்த வட்டாரத்தார், எந்தத் துறைமுகத்தில், எத்தகைய ஏற்பாட்டின்கீழ்க் கப்பலேறினர் என்பதைப் பொறுத்தே, குடியேறிய நாட்டில் அம்மொழியின் ஒலிப்பும் சொல்வழக்கும் அமைகின்றன. மலேசியத் தமிழரின் பேச்சு வழக்கைப் பற்றிக் கருத்துரைப்போர் பலர் இவ்வரலாற்றைக் கருத்திற்கொள்வதில்லை. செந்தமிழிலிருந்து வழுவிய ‘தோட்டத்துப் பேச்சு’ என்று அதனை ஒதுக்கிவிடுகின்றனர். பினாங்கு மாநிலத்தின் தென் செபராங் பிறை மாவட்டத்திலுள்ள நிபோங் திபால் வட்டாரத் தோட்டங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அத்தீர்ப்பு வரலாற்றோடு பொருந்துமா என்பதை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. ஒப்பீட்டிற்கு ஸ்பானிய மொழி எடுத்துக்கொள்ளப்படுகிறது. இதே வினாவை ஸ்பானிய மொழியறிஞர்கள் நெடுங்காலம் விவாதித்து, ஆவணங்களின் துணைகொண்டு விடை கண்டுள்ளமையே அதற்குக் காரணமாகும்.

ஸ்பானிய ஒலிப்பு வேறுபாடுகள்

ஸ்பெயின் நாட்டின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் ‘வீடு’ என்னும் பொருளுடைய சொல்லும் ‘வேட்டை’ என்னும் பொருளுடைய சொல்லும் ஒலிப்பில் வேறுபடுகின்றன. முன்னது ‘காசா’ என ஒலிக்கும். பின்னதன் நடுவிலுள்ள மெய் நுனிநாவைப் பற்களுக்கிடையே நிறுத்தி ஒலிக்கப்படும். தெற்கிலுள்ள ஆந்தலூசியாவின் செவில் நகர வழக்கிலோ 16ஆம் நூற்றாண்டிலேயே இவ்விரு ஒலிகளும் ஒன்றாகிவிட்டன. அமெரிக்கக் கண்டத்தின் ஸ்பானிய நாடுகள் ஏறக்குறைய அனைத்திலும் இன்று வழங்குவது இந்த ஒன்றுபட்ட ஒலிப்பே. எழுத்தில் மட்டும் இரு சொற்களும் இன்றளவும் வேறுபட்டே எழுதப்படுகின்றன.

மற்றொரு வேறுபாடு தமிழருக்கு மேலும் நெருக்கமானது. ‘கோழிக்குஞ்சு’, ‘கல்திண்ணை’ ஆகிய பொருள்களைத் தரும் இரு ஸ்பானியச் சொற்களுள் முதலாவது முற்காலத்தில் லகர இனத்தைச் சேர்ந்த ஓர் அண்ண ஒலியைக் கொண்டிருந்தது. இரண்டாவது யகர ஒலியைக் கொண்டிருந்தது. பெரும்பாலான நாடுகளில் லகர இன ஒலி யகரத்தோடு கலந்துவிட்டமையால் இரு சொற்களும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. பராகுவேயிலும் பொலிவியாவின் மலைப்பகுதிகளிலும் பழைய வேறுபாடு இன்னும் காக்கப்படுகிறது. புவெனஸ் ஐரிஸ் நகரிலோ அவ்வொலி ஷகரத்தை ஒத்த ஒலியாக மாறியுள்ளது.

இவ்வேறுபாடுகளுக்குக் காரணம் யாது? 1503ஆம் ஆண்டில் ஸ்பானிய அரசு செவில் நகரில் வணிக மன்றம் ஒன்றை நிறுவி, அமெரிக்கப் பயணங்களை அதன் ஆட்சிக்குள் கொண்டுவந்தது. 1717ஆம் ஆண்டில் அம்மன்றம் காடிஸ் துறைமுகத்திற்கு மாற்றப்பட்டது. நாட்டின் எப்பகுதியிலிருந்து வந்தவராயினும் கப்பலுக்காகச் செவில் நகரில் காத்திருந்து புறப்படுவதே பொது நடைமுறையாக இருந்தது. ஆகவே, அமெரிக்க ஸ்பானியத்தின் அடித்தளம் ஆந்தலூசிய வழக்கே என்னும் கருத்து எழுந்தது. டொமினிக்க நாட்டு அறிஞர் பெத்ரோ என்ரீக்கேஸ் உரேஞா இதனை மறுத்து, அமெரிக்க வழக்குகள் தாமாகவே வளர்ந்தன என வாதிட்டார்.

பின்னர்ப் பீட்டர் பாய்ட்-போமன் என்னும் ஆய்வாளர், தொடக்கக்காலக் குடியேறிகளின் பிறப்பிடங்களை ஆவணங்களிலிருந்து ஒவ்வொன்றாகத் திரட்டி எண்ணினார். 1493 முதல் 1519 வரை சென்றோருள் பிறப்பிடம் அறியப்பட்டவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் ஆந்தலூசியர் என்பது அதனால் வெளிப்பட்டது. 1509 முதல் 1519 வரை சென்ற பெண்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அப்பகுதியினரே. குழந்தைகள் முதலில் கேட்பது தாயின் பேச்சு என்பதை எண்ணும்போது, இவ்விரண்டாம் செய்தி முதற்செய்தியினும் வலிமை வாய்ந்தது எனலாம். குடியேறிய இடமும் வேறுபாட்டை வளர்த்தது. கப்பல்கள் தொடர்ந்து வந்துபோன கரிபியக் கடலோரங்களில் அசையிறுதிச் சகரம் நலிந்தது. மெக்சிக்கோ நகரம் முதலிய உள்நாட்டு உயர்நிலங்களில் அது நிலைத்தது.

தாய்நிலத்தில் ழகரத்தின் நிலை

வட்டார வழக்கு என்பது தமிழ் இலக்கணத்திற்குப் புதியதன்று. தொல்காப்பியம் திசைச்சொல்லைச் செய்யுளுக்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாகவே ஏற்றுக்கொள்கிறது. ஒலிப்பு நிலையில் தமிழ் வட்டாரங்களைப் பிரித்தறிய உதவும் தெளிவான அடையாளம் ழகரமாகும். மதுரை, திருநெல்வேலி முதலிய தென்பகுதிகளின் பொதுப்பேச்சிலும் யாழ்ப்பாணத்திலும் ழகரம் ளகரத்தோடு கலந்து, ‘பழம்’ என்பது ‘பளம்’ என ஒலிக்கிறது. சென்னையிலும் அதனைச் சூழ்ந்த வடபகுதியிலும் அது யகரமாகிப் ‘பயம்’ என ஒலிக்கிறது. அண்ண லகரம் யகரமாகிய ஸ்பானிய மாற்றத்தோடு இதனை ஒப்புநோக்கலாம்.

‘கொண்டு’ என்னும் துணைவினையும் இத்தகைய அடையாளமே. வட ஆர்க்காட்டிலும் சென்னையிலும் ‘வந்துகினு’ என்பர்; காவிரிப் பகுதியிலும் மதுரையிலும் ‘வந்துகிட்டு’ என்பர். ‘காற்று’, ‘நேற்று’ போன்ற சொற்களிலுள்ள றகர இரட்டை தமிழகப் பேச்சில் பெரும்பாலும் தகர இரட்டையாகிறது. யாழ்ப்பாணத்தில் அது நுனியண்ண ஒலியாகவே நிலைத்துள்ளது. உறங்குதலைக் குறிக்கத் ‘தூங்கு’ என்போரும், நெல்லை வழக்கில் ‘ஒறங்கு’ என்போரும், யாழ்ப்பாண வழக்கில் ‘நித்திரை கொள்’ என்போரும் உளர். இவர்கள் அனைவரும் மலாயாவில் அண்டை வீட்டாராயினர்.

கரும்பும் ரப்பரும்: இருவகை ஆள்சேர்ப்பு

செபராங் பிறை 1800ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அதன் தென்பகுதியில், கிரியான் ஆற்றை ஒட்டிய தாழ்நிலங்களில், 19ஆம் நூற்றாண்டில் கரும்புப் பயிர் பெருகியது. பத்து காவானில் சீனர் தொடங்கிய இத்தொழிலில் 1840களிலிருந்து ஐரோப்பியரும் ஈடுபட்டனர். கலிடோனியா, பைராம் முதலிய தோட்டப் பெயர்கள் அக்காலத் தோட்ட முதலாளிகளின் நினைவைத் தாங்கி நிற்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு மறைந்து, ரப்பர் அவ்விடத்தைப் பிடித்தது.

பயிர் மாறியபோது ஆள்சேர்க்கும் முறையும் மாறியது. மொழி வரலாற்றுக்கு இது இன்றியமையாத செய்தியாகும். கரும்புத் தோட்டங்கள் பெரிதும் ஒப்பந்தக் கூலி முறையைச் சார்ந்திருந்தன. அம்முறையில் முகவர்கள் பல ஊர்களிலிருந்து ஆட்களைத் தனித்தனியே திரட்டி, நாகப்பட்டினம் போன்ற துறைமுகங்களில் ஒன்றுசேர்த்து அனுப்பினர். ஒரே தோட்டத்திற்கு வந்தவர்கள் ஒருவர்க்கொருவர் அறிமுகமற்றவராகவும் வெவ்வேறு வழக்கினராகவும் இருக்க வாய்ப்பு மிகுதி. 1910ஆம் ஆண்டில் ஒப்பந்த முறை முடிவுக்கு வந்தது.

ரப்பர்க் காலத்தில் ஓங்கியிருந்தது கங்காணி முறை. கங்காணி தன் சொந்த ஊருக்கும் அதன் சுற்றுவட்டாரத்திற்கும் சென்று, தன் உறவினரையும் ஊராரையும் குடும்பத்தோடு அழைத்துவந்தார். இதனால் ஒரு லயத்தில் ஒரே ஊராரும், அடுத்த லயத்தில் வேறு மாவட்டத்தாரும் வாழும் நிலை உருவானது. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரின் குடியேற்றத்தைத் தடைசெய்யும்வரை, ஊர்ப்பேச்சு இவ்வாறு தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டு வந்தது. சுருங்கக் கூறின், ஒப்பந்த முறை வழக்குகளைக் கலந்தது. கங்காணி முறை அவற்றைக் கூட்டங்கூட்டமாகக் காத்தது.

பினாங்குத் தீவின் நிலை இதனின்றும் வேறானது. ஜார்ஜ் டவுனில் நாகூர், கடையநல்லூர் முதலிய ஊர்களைச் சேர்ந்த தமிழ் முஸ்லிம்களும், நகரத்தாரும், பிற வணிகரும் தத்தம் ஊரோடு நேரடித் தொடர்பை விடாது பேணினர். ஒருவகையில், கப்பல் தொடர்பு அறாத கரிபியக் கரையோடு தீவையும், உள்நாட்டு உயர்நிலத்தோடு தோட்டங்களையும் ஒப்பிடலாம்.

லயமும் பள்ளியும்

கப்பலில் கழிந்த சில நாட்களோ, பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவின் தொற்றுத்தடை முகாமில் கழிந்த நாட்களோ ஒரு பொதுவழக்கை உருவாக்கப் போதுமானவை அல்ல. முதற்குடியேறியவர் தம் ஊர்ப்பேச்சை இறுதிவரை பேசியிருப்பர். பொதுவழக்கை உருவாக்கியவர்கள் அவர்களுடைய பிள்ளைகளே. ஆயாக்கொட்டகையிலும் பள்ளியிலும் பல லயத்துப் பிள்ளைகள் ஒன்றுகூடினர். 1912ஆம் ஆண்டில் கூட்டு மலாய் மாநிலங்களில் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் உள்ள தோட்டங்கள் பள்ளி அமைக்க வேண்டுமென விதித்தது. கிரியான் ஆற்றின் இரு கரைகளிலும் தோட்டப் பள்ளிகள் பெருகின. பிள்ளைகள் கூடும் இடத்தில் பெரும்பான்மை வழக்கு வெல்லும். மிகவும் வேறுபட்டு ஒலிக்கும் வழக்கு மறையும்.

இன்றைய மலேசியத் தமிழ்ப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாக ஒலிப்பதும், ‘வந்துகிட்டு’ என்னும் வடிவம் பரவியிருப்பதும் இதனோடு பொருந்துகின்றன. வட தமிழகத்திலிருந்தும் தொழிலாளர் பெருமளவில் வந்திருந்தும், ‘பயம்’, ‘வந்துகினு’ என்னும் வடிவங்கள் பொதுவழக்காகவில்லை. காவிரிப் பகுதியினரின் மிகுதியே இதற்குக் காரணம் என்பது ஒரு கருதுகோள். தமிழ்த் திரைப்படமும் வானொலியும் பிற்காலத்தில் இவ்வடிவங்களை உறுதிப்படுத்தின என்பது மற்றொரு கருதுகோள். அவற்றுள் எது வலியது என்பதைச் சான்றுகளே தீர்மானிக்க வேண்டும்.

ஒலிப்பில் ஒன்றுபட்ட இவ்வழக்கு சொல்லாக்கத்தில் புதுமை காட்டியது. ரப்பர் மரம் ‘பால்மரம்’ ஆயிற்று. மலாய்மொழியிலிருந்து ‘கித்தா’ என்ற சொல்லும் வந்தது. வேலைக்கு ஆட்களை அணிவகுத்து அழைக்கும் இடம் ‘பெரட்டுக்களம்’ எனப்பட்டது. ஒட்டுப்பால், நிரை, கிராணி, தண்டல், சடக்கு, வெள்ளி ஆகியவை நாள்தோறும் வழங்கின. கிராணிகளாகவும் ஆசிரியர்களாகவும் பணியாற்றியோருள் யாழ்ப்பாணத் தமிழரும் இருந்தமையால், அவர்களுடைய ஒலிப்பும் தோட்ட மக்களின் செவிக்கு எட்டியது.

பிழையும் சான்றும்

அமெரிக்க ஸ்பானியத்தின் பழைய ஒலிப்பை அறிஞர்கள் எவ்வாறு கண்டறிந்தனர் என்பது நம் கவனத்திற்குரியது. ஒலிப்பதிவு இல்லாத 16ஆம் நூற்றாண்டைப் பற்றி அவர்களுக்குச் சான்று தந்தவை எழுத்துப்பிழைகளே. குடியேறியவர்கள் எழுதிய மடல்களிலும் மனுக்களிலும் இரு சகர இன எழுத்துகள் இடம்மாறிக் காணப்படுகின்றன. எழுதியவருக்கு அவை ஒன்றாகவே ஒலித்தன என்பதை அப்பிழை புலப்படுத்துகிறது. தமிழ்க் கல்வெட்டுகளில் காணப்படும் ழகர ளகர மயக்கமும் இவ்வாறே பயன்படுகிறது.

தோட்டப் பள்ளி மாணவர் கட்டுரைகள், கங்காணிகளின் கணக்கேடுகள், ஊருக்கு எழுதிய மடல்கள், கோயில் திருவிழா வரவு செலவு ஏடுகள் ஆகியவற்றில் உள்ள பிழைகளையும் இக்கண்கொண்டே காண வேண்டும். ‘பளம்’ என்று எழுதிய மாணவனைத் திருத்துவது ஆசிரியரின் கடமை; எழுத்தின் ஒருமையே பல வழக்கினரை ஒரே மொழியினராக இணைக்கிறது. ஆயினும், ‘பளம்’ என்று எழுதியவனும் ‘பயம்’ என்று எழுதியவனும் வரலாற்றாய்வாளனுக்கு இருவேறு செய்திகளைக் கூறுகின்றனர். திருத்தியபின் அந்த ஏட்டை எறிந்துவிடுவோமாயின், செய்தியும் உடன் அழிகிறது.

இரு மொழிகளின் வரலாறும் ஓரிடத்தில் அடியோடு பிரிகிறது. ஸ்பானியர் ஆள்வோராகச் சென்றனர். அவர்களின் வழியினர் நாடுகளை அமைத்தனர். தத்தம் மொழிக் கழகங்களையும் நிறுவினர். அக்கழகங்கள் 1951ஆம் ஆண்டில் மெக்சிக்கோவில் ஒன்றுகூடிய பின்னர் வளர்ந்த கூட்டுமுயற்சியால், செவில் நகரிலிருந்து பரவிய ஒலிப்பு இன்று கற்றோர் வழக்காக முழுமையாக ஏற்கப்படுகிறது. தமிழர் ஒப்பந்தத்தாலும் கடனாலும் கட்டுண்ட தொழிலாளராக வந்தனர். மொழியியல் நோக்கில் இரண்டும் ஒரே நிகழ்வு. ஒன்று மதிப்பையும் மற்றொன்று இழிவையும் பெற்றமைக்குக் காரணம் ஒலியில் இல்லை. பேசியவர்களின் சமூக நிலையில் உள்ளது.

முடிவுரை

ஸ்பானிய அறிஞர்களின் விவாதம் முடிவை நோக்கி நகர்ந்ததற்குச் செவில் நகரில் 1785ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஆவணக் காப்பகம் பெருந்துணையாயிற்று. யார், எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்பதை அங்குள்ள ஏடுகள் கூறின. நம் நாட்டில் இத்துறைக்கு அடித்தளம் இடப்படாமல் இல்லை. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையைச் சேர்ந்த இராம. சுப்பையா, கீழ்ப்பேராக் வட்டாரத் தமிழ் வழக்குகளின் சொற்களை ஆராய்ந்து 1966ஆம் ஆண்டிலேயே நூல் வெளியிட்டார். அம்முறையைத் தென் செபராங் பிறைக்கும் விரித்து, சொற்களோடு ஒலிப்பையும் பதிவுசெய்வது தேவையாகும். ஒவ்வொரு முதியவரின் பேச்சோடு அவருடைய பெற்றோரின் பிறந்த ஊரையும், வந்த முறையையும், வாழ்ந்த லயத்தையும் சேர்த்துக் குறித்தாலன்றி அப்பதிவு வரலாற்றுக்கு உதவாது.

காலம் இதற்கு இடந்தரப்போவதில்லை. ரப்பர் செம்பனைக்கு வழிவிட்டது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. 2001ஆம் ஆண்டில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் நிபோங் திபாலுக்கு வந்தது. 2014ஆம் ஆண்டில் பினாங்கின் இரண்டாம் பாலம் பத்து காவானைத் தீவோடு இணைத்தது. இவை வட்டாரத்தின் வளர்ச்சிக்கு வேண்டியவையே. ஆனால், லயம் கலைந்தபோது ஊர்ப்பேச்சைக் காத்த சூழலும் கலைந்தது. கலிடோனியாவில் ராம்ஸ்டன் குடும்பத்தாரின் 99 கதவு மாளிகை இடிந்த நிலையிலும் பலரால் படம்பிடிக்கப்படுகிறது. அத்தோட்டத்தில் உழைத்தவர்களின் பேச்சுக்கு அத்தகைய கட்டடம் இல்லை. 1938ஆம் ஆண்டுக்கு முன் வந்தவர்களிடம் நேரடியாகக் கேட்டு வளர்ந்த தலைமுறை முதுமையின் எல்லையில் நிற்கிறது. அவர்களுடைய ஒலிப்பைப் பதிவுசெய்தால், கப்பற் பதிவேடுகள் கூறாத பயணத்தை அது நமக்குக் கூறும்.