தலையில் பிறையும் நட்சத்திரமும்

சில வருடங்களுக்கு முன் எங்களூர் மீலாத் விழாவில் யூசுப் இஸ்லாம் பற்றிப் பேசினேன். கெட் ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் பாடித் திரிந்த காலத்திலேயே, தலையில் பிறையும் நட்சத்திரமும் உடைய சிறுவனைப் பற்றி அவர் பாடியிருக்கிறார். அப்போதே அவருடைய உள்ளம் இஸ்லாத்தின் வாசலில் நின்றது என்றேன். தக்பீர் முழங்கியது. திரும்பி வரும் வழியில் பழைய மாணவன் ஒருவன், "சேர், அந்தப் பாட்டு முழுக்க என்ன சொல்லுது?" என்று கேட்டான். நான் அறிந்திருந்தது தலைப்பை மட்டுமே.

பிறகுதான் பாட்டைத் தேடிக் கேட்டேன். திருமணத்துக்குப் போகும் ஒருவனைத் தோட்டக்காரனின் மகள் வழிமறிக்கிறாள். தன்னோடு கூடினால் தலையில் பிறையும் நட்சத்திரமும் கொண்ட பிள்ளையைத் தருவதாக வாக்களிக்கிறாள். அவன் இணங்குகிறான், பின் போய்த் தன் மணப்பெண்ணையே மணக்கிறான். விருந்தில் மது ஓடுகிறது. ஒரு வருடம் கழித்து வாசலில் ஒரு கூடை, அதற்குள் குழந்தை. அவன் மண்டியிட்டு முத்தமிடுகிறான். பிள்ளை வளர்கிறான், அவன் சொல் கேட்கத் தூரத்திலிருந்தெல்லாம் சனங்கள் வருகிறார்கள். அவன் சொல்வது அன்பைப் பற்றி மட்டுமே.

மீலாத் மேடைக்கு ஏற்ற கதையா இது?

ஆண்டுக் கணக்கும் எனக்கு எதிராகவே நின்றது. 1972இல் வெளிவந்த இசைத்தட்டில் உள்ள பாட்டு இது. அந்த இசைத்தட்டின் பெயரே, சென் பௌத்தர்கள் ஞானத்தேடலை விளக்கும் பத்து எருதுப் படங்களில் நான்காவதான, எருதைப் பிடித்தல் என்பதிலிருந்து வந்தது. அதே தட்டில் லத்தீன் மொழிப் பாட்டொன்றும் உண்டு. 1974இல் வந்த தட்டின் தலைப்பில் புத்தர் இருக்கிறார். 1969இல் காசநோயில் படுத்தெழுந்த நாள்முதல் அவர் பல கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் டேவிட் அவர் கையில் குர்ஆனைக் கொடுத்தது 1976இல். இஸ்லாத்தைத் தழுவியது 1977 டிசம்பரில்.

யூசுப் (அலை) அவர்களின் கனவில் பதினொரு நட்சத்திரங்களும் சூரியனும் சந்திரனும் வருகின்றன. இவர் ஏற்ற பெயரும் யூசுப். இந்தப் பொருத்தமும் என்னைச் சற்று மயக்கியது. ஆனால் ஐந்து வருடம் பிந்தி வந்த பெயரைக் கொண்டு முந்தைய பாட்டுக்கு உரை எழுதலாமா? பிறையும் நட்சத்திரமும் எங்களுக்கே உரிய சின்னமுமல்ல. நபி (ஸல்) அவர்களின் காலத்துக்கு முன்பே பைசாந்திய நகர நாணயங்களில் அவை இருந்தன. உதுமானியர் கொடியில் அவை நிலைபெற்றது பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில்தான்.

இந்தப் பாட்டின் உறவுக்காரர்கள் நாட்டார் கதைகளுக்குள் இருக்கிறார்கள். அரசன் என்னை மணந்தால் அதிசயப் பிள்ளை பெற்றுத் தருவேன் என்று ஒரு பெண் சொல்வது பல நாடுகளில் வழங்கும் கதை. 1550களில் இத்தாலியில் ஸ்ட்ரபரோலா எழுதியதில் பிள்ளைகளின் நெற்றியில் நட்சத்திரம். 1831இல் ரஷ்யக் கவிஞர் புஷ்கின் எழுதியதில் இளவரசியொருத்தியின் கூந்தலுக்குள் பிறை, நெற்றியில் நட்சத்திரம்.

இக்கதையின் இன்னொரு வடிவத்தை 1709இல் பாரிஸில் வைத்து அலெப்போ நகரத்துக் கிறிஸ்தவர் ஹன்னா தியாப் சொல்ல, அந்துவான் கலான் கேட்டார். 1717இல் அவருடைய ஆயிரத்தொரு இரவுகளில் அது வெளிவந்தது. அதில் குழந்தைகளைக் கூடையில் வைத்துக் கால்வாயில் விடுகிறார்கள். எடுத்து வளர்ப்பவர் சுல்தானின் தோட்டங்களுக்குப் பொறுப்பானவர். கூடை, தோட்டம், அதிசயப் பிள்ளை எல்லாம் இரண்டிலும் உண்டு. பாடகர் இதைப் படித்துத்தான் எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. இப்படிப்பட்ட கதைகள் புத்தகத்தை விட வாய்வழியாகத்தான் அதிகம் பயணிக்கும். எங்கள் உம்மும்மாமார் சொன்ன கதைகளும் அப்படித்தான் வந்தன.

மறுவருடம் அதே மேடையில் என் பேச்சைத் திருத்திச் சொன்னேன். தக்பீர் எழவில்லை. அந்த மாணவன் மட்டும் பின்வரிசையில் இருந்து சிரித்தான்.