நண்டுக்கு எதற்கு மூன்று கைக்கடிகாரம்?

ஒரு நண்டு. அதன்மேல் மூன்று கைக்கடிகாரங்கள். யாரோ பெயர் தெரியாத ஆள் ஃபோட்டோஷாப்பில் அவசரமாக வெட்டி ஒட்டியது. மாண்டரின் தெரியாதவருக்கு இது ஓர் அசட்டுப் படம், அவ்வளவுதான். தெரிந்தவருக்கோ, இரண்டு சீன அதிபர்களின் கொள்கைகளை ஒரே நண்டின் முதுகில் ஏற்றிய கேலி.

ஹூ ஜிந்தாவ் ஆட்சியின் முழக்கம் 'இணக்கமான சமுதாயம்'. இணக்கத்துக்கு மாண்டரினில் 'ஹ ஷியே'. இணையத்தில் பதிவுகள் அழிக்கப்பட்டபோதெல்லாம் அதற்குச் சொல்லப்பட்ட நியாயம் இந்த இணக்கம்தான். எனவே மக்கள் 'என் பதிவை இணக்கமாக்கிட்டாங்க' என்று நக்கலடிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சொல்லும் வடிகட்டியில் மாட்டத் தொடங்கியதும் 'ஆற்று நண்டு' என்று எழுதினார்கள். அதுவும் 'ஹ ஷியே'தான். தொனி மட்டும் கொஞ்சம் மாறும். கைக்கடிகாரம் அதற்கு முந்தைய அதிபரிடமிருந்து வந்தது. ஜியாங் ஜெமின் 2000ஆம் ஆண்டு முன்வைத்த 'மூன்று பிரதிநிதித்துவங்கள்' கொள்கையின் பெயர் 'சான் கெ தாய்ப்யாவ்'. 'தாய் சான் கெ ப்யாவ்' என்று மாற்றிப் போட்டால், மூன்று கடிகாரம் கட்டியிருப்பது.

தமிழில் சிலேடை நமக்குப் புதிதா என்ன? காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் கட்டிப்போட்டவர். ஆனால் நம் எழுத்து ஒலியை அப்படியே பிடிப்பது. ஒலி ஒன்றானால் எழுத்தும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். பிரிக்கும் இடத்தை மாற்றினால்தான் பொருள் மாறும். சீனத்தில் ஒலி ஒன்றாக இருந்தாலும் எழுத்துகள் முற்றிலும் வேறு. வடிகட்டும் மென்பொருளோ எழுத்தை மட்டுமே பார்க்கும். காதில் விழுவது அதற்குக் கேட்காது. அந்த இடைவெளியில்தான் நண்டு நுழைந்தது. சொல்லையும் விட்டுவிட்டுப் படமாகவே போட்டால், அன்றைய இயந்திரத்துக்கு இன்னும் சிக்கல்.

இந்த வித்தை இணையத்தில் பிறந்ததில்லை. நம்ம ஊரில் சீனப் பெருநாள் சமயத்தில் கடைவாசலில் தொங்கும் அன்னாசி அலங்காரத்தைப் பார்க்காதவர் உண்டா? ஹொக்கியனில் அன்னாசி 'ஓங் லாய்'. வளம் வருகிறது என்றும் அதே ஒலிக்குப் பொருள். மேசையில் மீன் இருப்பது, மிச்சம் என்ற சொல்லும் மீனைப் போலவே ஒலிப்பதால். பழைய வீடுகளில் வௌவாலைச் செதுக்கியது, அதன் பெயரிலும் நற்பேற்றின் ஒலி இருப்பதால். பாட்டிமார்கள் வாழ்த்துக்கு வைத்திருந்த அதே இலக்கணத்தைப் பேரப்பிள்ளைகள் வசவுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

வசவு என்றால் சாதாரண வசவு இல்லை. 2009 ஜனவரியில் அரசு இணையத்தில் ஆபாசத்தை ஒழிக்கும் நடவடிக்கையைத் தொடங்கியது. அதே சமயத்தில் பைடு கலைக்களஞ்சியத்தில் 'பத்துப் புராண மிருகங்கள்' பற்றிய போலிக் கட்டுரைகள் முளைத்தன. அவற்றில் புகழ்பெற்றது 'புல் மண் குதிரை'. மாண்டரினில் 'சாவ் நீ மா'. தொனியை மாற்றினால் அம்மாவை இழுக்கும் மோசமான கெட்ட வார்த்தை. அதற்கு உருவம் கொடுக்கத் தென்னமெரிக்க அல்பாக்காவின் படத்தைப் பிடித்தார்கள். குழந்தைக் குரல்களில் ஒரு பாட்டு வந்தது. அதில் இந்தக் குதிரைகள் தங்கள் புல்வெளியைக் காக்க ஆற்று நண்டுகளோடு போரிட்டு ஜெயிக்கும். விலங்குலக ஆவணப்பட பாணியில் காணொளி வந்தது. எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. புல், மண், குதிரை மூன்றையும் ஒரே எழுத்தாகப் பிசைந்து, எந்த அகராதியிலும் இல்லாத ஒரு சீன எழுத்தை வரைந்திருந்தார்கள். தட்டச்சு செய்ய முடியாத அதைப் படமாகத்தான் பரப்ப முடியும். நாகபந்தமும் ரதபந்தமும் எழுதிய நம் சித்திரகவிப் புலவர்கள் பார்த்திருந்தால் ரசித்திருப்பார்கள்.

அதே ஆண்டு, ஜூலை 1 முதல் விற்கப்படும் கணினிகளில் 'பச்சை அணை' என்ற வடிகட்டி மென்பொருள் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ரசிகர்கள் அதை ஜப்பானிய அனிமே பாணியில் ஒரு பெண்ணாக வரைந்தார்கள். பச்சை உடை, கையில் ஒழுங்குக் கண்காணிப்புப் பட்டை, அசிங்கத்தை மறைக்கப் பெயிண்ட் வாளி, தொப்பியில் ஆற்று நண்டு. ஜூன் 30 அன்று உத்தரவு தள்ளிவைக்கப்பட்டது. உள்நாட்டு எதிர்ப்பு, வெளிநாட்டு வணிக நெருக்குதல் எல்லாம் சேர்ந்து நடந்தது அது. படங்கள்தான் சாதித்தன என்று சொன்னால் மிகை.

2010 நவம்பரில் கலைஞர் ஐ வெய்வெய், இடிக்கப்படவிருந்த தன் ஷாங்ஹாய் கூடத்தில் ஆற்று நண்டு விருந்துக்கு அழைத்தார். அவரைப் பெய்ஜிங்கில் வீட்டுக்காவலில் வைத்தார்கள். அவர் இல்லாமலே நூற்றுக்கணக்கானோர் வந்து நண்டு தின்றார்கள். பெயரில்லாதவர்கள் விளையாட்டாகத் தொடங்கிய சிலேடை, பெயருள்ள ஒருவரிடம் வந்ததும் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. 2014 நவம்பரில் ஒலிபரப்பிலும் விளம்பரங்களிலும் சொல்விளையாட்டே கூடாது என்று அரசு உத்தரவிட்டது. சிலேடையே மரபாகிப்போன ஒரு மொழியில்!

இந்தச் சிரிப்பு எதிர்ப்பா, இல்லை ஆவி வெளியேறும் ஓட்டையா என்று ஆய்வாளர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். என்னை உறுத்துவது வேறு. சுதந்திரத்தின் சின்னமாகக் கொண்டாடப்பட்ட அந்தக் குதிரையின் முதுகில் இருப்பது ஓர் அம்மா. தணிக்கையைத் திட்டவும் ஒரு பெண்ணின் உடம்புதான் தேவைப்பட்டது. பச்சை அணையையும் பெண்ணாக்கித்தான் கேலி செய்தார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகள் அந்த அல்பாக்காவைச் செல்லமாக எழுதியபோது இதை அதிகம் கண்டுகொள்ளவில்லை.

2018இல் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான மாணவிகள் சீனாவில் வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்கள். 'மீ டூ' என்ற அடையாளச்சொல் முடக்கப்பட்டது. அப்போது ஒரு சோற்றுக்கிண்ணமும் ஒரு முயல் தலையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. ஃபோட்டோஷாப்கூடத் தேவைப்படவில்லை, கைப்பேசியில் இருக்கும் எமோஜியே போதும். அரிசி 'மி', முயல் 'தூ'. அம்மாவைத் திட்டுவதற்காகப் பழகிய வித்தையை மகள்கள் எடுத்து, தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள்.