தேரி மண்ணில் பின்னிய வெண்ணூல்

தாமிரபரணிப் பாசனத்தின் நெல்வயல்கள் நாங்குநேரியைத் தாண்டும்போதே மறைந்துவிடுகின்றன. அதற்குத் தெற்கே, திசையன்விளைப் பக்கம், செம்மணல் தேரியும் பனைமரமும்தான். காற்றுக் காலத்தில் மணல் எழுந்து கூரையிலும் குடத்திலும் காயப்போட்ட வேட்டியிலும் படியும். வெள்ளைத் துணியை வெள்ளையாக வைத்திருப்பதே பெரும்பாடான இந்த ஊர்களில் ஒன்றான இடையன்குடியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், வெள்ளை நூலால் மட்டுமே ஆன ஒரு நுண்தொழில் வேரூன்றியது. பனையேறிக் குடும்பத்துப் பெண்பிள்ளைகள் திண்டின் மேல் குனிந்து லேஸ் பின்னினார்கள்.

இடையன்குடி என்றால் கால்டுவெல் என்பதே தமிழ் வாசகருக்குப் பழகிய செய்தி. 1838-இல் சென்னையில் இறங்கிய மிஷனரி ராபர்ட் கால்டுவெல் 1841-இன் இறுதியில் இவ்வூருக்கு வந்தார். 1856-இல் அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. 1877-இல் ஆயரானார். 1880-இல் ஊரின் பெரிய கோயிலான திருத்துவ ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது. இவற்றையெல்லாம் பாடப்புத்தகமும் மேடைப் பேச்சும் மறக்காமல் சொல்கின்றன. அவர் மனைவி எலைசாவின் லேஸ் பள்ளிக்கு அந்த வரலாறுகளில் ஒரு வரி கிடைத்தால் அதிகம். அந்த ஒரு வரிக்குள் ஒரு மாவட்டத்துப் பெண்களின் கூலி வரலாறே அடங்கியிருக்கிறது.

எலைசா வெளிநாட்டிலிருந்து வந்திறங்கியவர் அல்ல. 1822-இல் நாகர்கோவிலில் பிறந்து, தமிழைக் காதில் கேட்டே வளர்ந்தவர். தந்தை சார்லஸ் மால்ட், தாய் மார்த்தா மால்ட், இருவரும் லண்டன் மிஷனைச் சேர்ந்தவர்கள். 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா, உடன்பணியாளரான சார்லஸ் மீட் என்பவரின் மனைவியோடு சேர்ந்து பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார். இன்றைய டதி பெண்கள் பள்ளி அதன் வழியில் வந்ததுதான். 1820-களின் தொடக்கத்திலேயே அங்கே எழுத்தோடும் கணக்கோடும் லேஸ் பின்னலும் பாடமாகிவிட்டது. 1844 மார்ச்சில் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போன எலைசா, தாயிடம் கற்ற தொழிலைத் தன்னோடு கொண்டுபோனார். மலையாளக் கரையின் திருவிதாங்கூர் அரசாட்சியிலிருந்து கும்பினி ஆட்சியின் திருநெல்வேலிச் சீமைக்கு லேஸ் கடந்து வந்தது இப்படித்தான்.

இந்தத் தொழில் இங்கே வேர்விட்ட அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் அது பட்டுக்கொண்டிருந்தது. ஜான் ஹீத்கோட் என்பவர் 1808, 1809 ஆண்டுகளில் வலைத்துணி நெய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1816-இல் லஃப்பரோ ஊரிலிருந்த அவருடைய ஆலைக்குள் இயந்திர எதிர்ப்பாளர்களான லட்டைட்டுகள் புகுந்து தறிகளை நொறுக்கினார்கள். அவர் ஆலையை டெவன் மாகாணத்து டிவர்ட்டனுக்கு மாற்றினார். கைலேஸுக்குப் பேர்போன ஹானிட்டனும் அதே டெவனில்தான் இருக்கிறது. 1840-இல் விக்டோரியா அரசி தன் கல்யாண உடைக்கு டெவன் கடற்கரைக் கிராமமான பீர் பக்கத்துப் பெண்களிடம் லேஸ் செய்யச் சொன்னதற்கு, நொடித்துக் கிடந்த அத்தொழிலைத் தூக்கிவிடும் எண்ணமும் ஒரு காரணம். அங்கே இயந்திரத்தின் விலையோடு போட்டியிட முடியாமல் தோற்ற கைவேலை, இங்கே குறைந்த கூலியால் இன்னும் நூறாண்டு தாக்குப்பிடித்தது. இதை மிஷன் வரலாறுகள் சொல்வதில்லை. சொல்லவேண்டிய செய்தி இது.

வேலை எப்படி நடக்கும்? வைக்கோலோ அதைப்போன்ற வேறெதுவோ இறுக்கி அடைத்த கெட்டித் திண்டு ஒன்று மடியில் அல்லது பலகைமேல் இருக்கும். அதன்மேல் துளையிட்ட தடித்த தாள். துளைகள்தாம் பூவுக்கும் கொடிக்கும் ஓரத்துக்கும் வரைபடம். நூல் சுற்றிய சிறு மரக்குச்சிகளை, அதாவது பாபின்களை, சோடி சோடியாகத் தொங்கவிடுவார்கள். மெல்லிய நாடாவுக்குச் சில சோடிகள் போதும். அகலமான ஓரத்துக்குப் பல டஜன், சில வேலைகளுக்கு நூற்றுக்கும் மேல். கைக்குத் தெரியவேண்டிய அசைவுகள் இரண்டே: ஒரு நூலை மற்றொன்றின் மேல் மாற்றுவது, இரண்டையும் முறுக்குவது. ஒவ்வொரு பின்னலையும் அந்தந்தத் துளையில் குண்டூசி குத்தி நிறுத்துவார்கள். தையல் ஊசியும் கொக்கியும் இந்தப் பின்னலின் அடிப்படை வேலைக்குத் தேவையில்லை. பழகிய கைகளில் குச்சிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் நிற்காமல் கேட்கும்.

கடினம் அசைவில் இல்லை, கணக்கில் இருக்கிறது. எந்தச் சோடி எங்கே காத்திருக்கிறது, எது எப்போது உள்ளே வரவேண்டும் என்பது தலையில் நிற்கவேண்டும். ஒரு துளை தவறினால் பத்துத் துளை பின்னே போய் அவிழ்க்கவேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்தாலும் நுண்ணிய வடிவத்தில் விரற்கடை அளவே நகர்ந்திருக்கும். வேர்த்த கை பட்டால் நூல் மங்கும். தேரிக்காட்டு வெயிலில் அது எப்பேர்ப்பட்ட தொல்லை என்று சொல்லவேண்டியதில்லை.

முடிப்பு வேலை தனி. பின்னல் முடிந்த பகுதியிலிருந்து குண்டூசிகளைப் பிடுங்கி, நூல் முனைகளை முடிச்சிட்டு, முடிச்சு வெளியே தெரியாமல் பின்பக்கம் மறைக்கவேண்டும். ஹானிட்டன் முறையில் பூ, இலை, கொடி எல்லாவற்றையும் தனித்தனித் துண்டுகளாகச் செய்து, பிறகே வலைத்துணியில் தைத்துச் சேர்ப்பார்கள். ஒட்டுத்துணிப் போர்வையில் சின்னச் சின்ன வட்டங்களைத் தைத்து இணைப்பதுபோல, துண்டு செய்வது ஒரு கை, சேர்ப்பது இன்னொரு கை என்று வேலையைப் பங்கிட முடியும். சேர்க்கும் இடத்தில் சுருக்கம் விழுந்தால் துண்டு செய்தவள் பட்ட பாடெல்லாம் வீண்.

இனிக் கூலிக்கு வரவேண்டும். இங்கேதான் இந்தக் கதை சாதாரணக் கைவேலைக் கதையாக இல்லாமல் போகிறது.

நாகர்கோவில் விடுதிப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளில் சிலர் அடிமைகள். திருவிதாங்கூரில் அடிமை முறை முழுவதுமாக ஒழிக்கப்பட்டது 1855-இல்தான். அதற்கு ஒரு தலைமுறை முன்பே, லேஸ் பின்னிக் கிடைத்த காசைச் சேர்த்து, உடையவனுக்கு விலை கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள். மிஷன் ஆவணங்களில் திரும்பத் திரும்ப வரும் செய்தி இது. சட்டம் வருவதற்கு முன்னால் நூல் வந்தது என்றால் மிகையில்லை.

அதே மண்ணில் அதே ஆண்டுகளில் நாடார் பெண்கள் மார்பை மூடும் உரிமைக்காக அடிபட்டார்கள். ஆங்கிலேய ரெசிடெண்ட் கர்னல் மன்றோவின் காலத்தில் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்னும் மேற்சட்டை அணிய அனுமதி கிடைத்தது. 1829-இல் அரசு அறிவிப்பு தோள்சீலையைத் தடுத்தது. 1858, 1859-இல் கலவரம் மூண்டு ஆலயங்களும் வீடுகளும் எரிந்தன. 1859 ஜூலை 26-இல் வந்த அரசாணைதான் ஒருவகைத் தீர்வு தந்தது, அதுவும் சில நிபந்தனைகளோடு. குப்பாயம் தைக்கச் சொல்லித்தந்ததும் மிஷன் பள்ளிகளின் தையல் வகுப்புகளே. தன் தோளில் ஒரு துணியைப் போட்டதற்காகத் தெருவில் துணி உரியப்பட்ட சமூகத்துப் பெண்கள், யாரோ ஒரு துரைசானியின் தோளுக்கும் கழுத்துக்கும் மெல்லிய லேஸ் பின்னிக்கொண்டிருந்தார்கள். இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்காமல் தென்தமிழகத்து உடை வரலாற்றை எழுதவே கூடாது.

திருநெல்வேலிச் சீமையில் தோள்சீலைச் சட்டத்தின் கொடுமை இல்லை. ஆனால் பனங்காட்டுப் பெண்ணின் உழைப்புக்கும் எல்லை இல்லை. பருவத்தில் விடியுமுன்னே ஆண் பனையேறுவான்; இறக்கிய பதநீரை விடிலியில் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவது பெண் வேலை. சுள்ளி பொறுக்குவதும் ஓலை முடைவதும் அவளுடையதே. இந்த உழைப்பெல்லாம் குடும்ப வரவில் கலந்துவிடும். அவள் பெயருக்கென்று ஒரு காசு வராது. லேஸ் அப்படியில்லை. இத்தனை முழம், இத்தனை கூலி என்று பின்னியவள் கையிலேயே எண்ணிக் கொடுத்தார்கள். வீட்டில் ஒரு பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய தகப்பன்கூட, எழுத்தும் படித்து நாலு காசும் கொண்டுவருவாள் என்றபோது இறங்கிவந்தான். திருநெல்வேலி மிஷன் ஊர்களில் பெண்கல்வி முன்கூட்டியே பரவியதற்குக் காரணம் தேடுகிறவர்கள் பிரசங்கத்தை மட்டும் பார்க்காமல் இந்தத் திண்டையும் பார்க்கவேண்டும்.

நூல் எங்கிருந்து வந்தது என்பதும் யோசிக்கத்தக்கது. மாவட்டத்தின் வடபகுதியில் கரிசல்காட்டுப் பருத்தி. தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறிய அதற்கு வெளிநாட்டுச் சந்தையில் மாவட்டத்தின் பெயரே வணிகப் பெயராக நின்றது: 'டின்னவெல்லி'. ஆனால் உள்ளூர்ப் பருத்தியின் இழை குட்டை. லேஸுக்கு வேண்டிய மயிரிழை நூலை அதில் நூற்க முடியாது. அதனால் பருத்தி விளையும் சீமைக்கே சீமை நூல் வந்து சேர்ந்தது. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் தாமிரபரணி அருவியின் விசையைக் கொண்டு நூற்பாலை தொடங்கினார்கள். அந்த ஹார்வி குழுமம் பின்னாளில் மதுரா மில்ஸ் ஆகி, 1974-இல் தையல்நூலுக்குப் பெயர்போன கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. பாபநாசத்து அந்த ஆலையின் பெயரில் உலகத்துத் தையல்நூல் வந்து ஒட்டிக்கொண்ட வேளையில், இடையன்குடித் திண்டுகளுக்குப் பழைய கிராக்கி இல்லை.

இடையன்குடியோடு இது நிற்கவில்லை. 1877-ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சம் மாவட்டத்தை உலுக்கியபோது அநாதைப் பிள்ளைகள் பெருகினார்கள். தாமிரபரணியின் கீழ்க்கோடியில் உள்ள நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் 1878-இல் கைத்தொழிற்பள்ளி தொடங்கியதற்கு அந்தப் பஞ்சமே காரணம். சோறு போட்டால் மட்டும் போதாது, கையில் ஒரு தொழிலும் வேண்டும் என்ற எண்ணம் அப்போது மிஷன்களில் பரவியிருந்தது. மேற்கே தக்கலையை அடுத்த முளகுமூட்டுக்கு 1897-இல் பெல்ஜியத்தின் ஈப்ர் நகர மடத்திலிருந்து மரி லூயிஸ் டி மீஸ்டர் என்ற கன்னியர் வந்தார். லேஸின் தாய்நாடுகளில் ஒன்றான ஃபிளாண்டர்ஸிலிருந்து வந்தவர் அவர். அவர் தொடங்கிய மடத்தில் லேஸும் பூவேலையும் பெண்களின் பிழைப்பாயின. குமரி மாவட்டத்துக் கைப்பூவேலை அயல்நாடுகளுக்குப் போவதன் பின்னணி இதுதான்.

இந்தத் தொழில் கொடுத்ததைப்போலவே எடுத்துக்கொண்டதையும் சொல்லவேண்டும். கண்ணை எடுத்துக்கொண்டது, முதுகை எடுத்துக்கொண்டது. எந்த வடிவம் விற்கும், என்ன விலை போகும் என்பதைப் பின்னுகிறவள் என்றுமே முடிவுசெய்ததில்லை. வாங்குகிறவர்கள் பாளையங்கோட்டையிலும் சென்னையிலும் இருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள், கடல்கடந்த மிஷன் நண்பர்கள். அவர்கள் மனம் மாறினால் கூலி நின்றுவிடும். ஆந்திரத்து நர்சாபூரில் கொக்கி லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி ஜெர்மானிய ஆய்வாளர் மரியா மீஸ் 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். அங்கேயும் தொழில் மிஷனரிகளால் வந்ததே. உலகச் சந்தைக்கு உழைக்கும் பெண்களை 'வீட்டில் சும்மா இருப்பவர்கள்' என்று சொல்லிக்கொண்டே, இடைத்தரகர்கள் எப்படிச் செழித்தார்கள் என்று அவர் காட்டினார். இடையன்குடியில் தரகர் கூட்டம் பெரிதாக வளரவில்லை. மிஷனே வாங்கி மிஷனே விற்றது. அது ஓரளவு பாதுகாப்பு. ஆனால் மிஷன் அம்மா ஊர் திரும்பினாலோ உடைப் பாணி மாறினாலோ தொழிலைத் தாங்க வேறு கை இல்லை என்பதும் அதனால்தான்.

தாமிரபரணிக் கரையிலேயே இதற்கு எதிர்ச்சான்று உண்டு. பத்தமடையில் கோரையை ஆற்றுநீரில் ஊறவைத்துப் பட்டுப்பாய் நெய்யும் தொழில் நலிந்தாலும் சாகவில்லை. மணமக்கள் பெயர் நெய்த பாய் இல்லாமல் கல்யாணச் சீர் நிறையாது என்று நினைக்கிற குடும்பங்கள் சுற்றுவட்டாரத்தில் இன்னும் இருக்கின்றன. லேஸை விரும்பி வாங்கியவர்கள் ஊருக்குள் இல்லை. தலையணை உறையின் ஓரத்திலும் ஆலயப் பீடத்துணியிலும் கொஞ்சம் தங்கியது. சேலை உடுத்தும் பெண்ணின் அன்றாடத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. முதல் உலகப்போருக்குப் பின் ஐரோப்பிய உடையிலிருந்து லேஸ் குறைந்தது. இயந்திர லேஸ் கடைத்தெருவில் முழக்கணக்கில் மலிந்தது. விடுதலைக்குப் பிறகு வாங்கும் குடும்பங்களும் கப்பலேறின. அதே விடுதிகளில் படித்த பெண்கள் ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். அவர்களை மறுபடி திண்டின் முன் உட்காரச் சொல்ல யாருக்கும் நியாயம் இல்லை.

கால்டுவெல் 1891-இல் மறைந்தார்; இடையன்குடி ஆலயத்தில் அடக்கமானார். எலைசா 1899 வரை வாழ்ந்தார். அவர்கள் குடியிருந்த வீடு இப்போது அரசின் நினைவு இல்லம். ஆனால் பின்னிய பெண்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. அவற்றைத் தேட வழி அடைபட்டுவிடவில்லை. ஆலயங்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் இருக்கின்றன. லண்டன் மிஷனின் தாள்கள் லண்டன் சோவாஸ் நூலகத்திலும், கால்டுவெல் சார்ந்த எஸ்.பி.ஜி. சங்கத்தின் தாள்கள் ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்திலும் கிடக்கின்றன. ஒப்பிலக்கணத்துக்காக அந்தத் தாள்களைப் புரட்டுகிற ஆய்வாளர், விடுதிப் பள்ளி அறிக்கைகளையும் கூடவே புரட்டலாம். திசையன்விளை, சாத்தான்குளம், நாசரேத் பக்கத்து வீடுகளில் பாட்டிமார் பெட்டியில் பழைய லேஸ் துண்டு ஏதாவது இருந்தால், பாளையங்கோட்டை அருங்காட்சியகம் அதைக் கேட்டு வாங்கி, பின்னியவரின் பெயரை வீட்டாரிடம் விசாரித்து எழுதிவைக்கலாம். அந்தப் பாட்டிமாரை நேரில் பார்த்த பேத்திகளுக்கே இப்போது எழுபதும் எண்பதும் ஆகிவிட்டதால், இந்த வேலையை இந்த ஆண்டே தொடங்குவது நல்லது.