உங்க வீடியோ எல்லாருக்கும் போய்ச் சேருதா? அப்லோடு செய்யும் முன் கவனிக்க வேண்டியவை

"ஸ்கிரீன்ல தெரியுற நம்பருக்கு உடனே கூப்பிடுங்க!" வேலைவாய்ப்பு வீடியோக்களில் அடிக்கடி கேட்கும் வரி இது. பார்வையற்ற ஒருவருக்கு அந்த நம்பர் கிடைக்கவே கிடைக்காது. சம்பளம், கடைசித் தேதி எல்லாம் பேச்சில் மட்டும் வந்தால், காது கேளாதவருக்கு அதுவும் போச்சு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 2.68 கோடி பேர். பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் தலா சுமார் 50 லட்சம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மின்னணு ஊடகங்களில் ஆடியோ விவரிப்பு, சைகை மொழிபெயர்ப்பு, கேப்ஷன் இருப்பதை அரசு உறுதி செய்ய வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 42. 'பதான்' படத்தின் ஓடிடி வெளியீட்டுக்கு ஆடியோ விவரிப்பும் கேப்ஷனும் தயாரிக்கும்படி 2023 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கேப்ஷனும் சப்டைட்டிலும் ஒன்றா?

இல்லை. சப்டைட்டில் வசனத்தை மட்டும் தரும். கேப்ஷனில் யார் பேசுகிறார், 'கதவு தட்டும் சத்தம்' போன்ற விவரங்களும் இருக்கும்.

ஆட்டோ கேப்ஷனை அப்படியே நம்பிடாதீங்க. தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசும்போது பெயர்களும் எண்களும் தவறலாம். நீங்கள் 'ஃபிஃப்டீன் தவுசண்ட்' என்றது, திரையில் 50,000 ஆகிவிடலாம். யூடியூப் ஸ்டுடியோவில் கேப்ஷனைத் திருத்தலாம். எஸ்ஆர்டி ஃபைலாகவும் ஏற்றலாம். முழுப் பேச்சையும் எழுத்தாகத் தனியே கொடுத்தால், பார்வையும் செவித்திறனும் இல்லாதவர்கள் பிரெய்ல் கருவியில் படிக்க முடியும்.

கேப்ஷன் இருந்தா போதுமா?

எல்லோருக்கும் போதாது. இந்திய சைகை மொழி தனி இலக்கணம் கொண்ட ஒரு மொழி. அதையே முதல் மொழியாகக் கொண்டவர்களுக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழிதான். மொழிபெயர்ப்பாளரைச் சேர்த்தால், கைகளோடு முகமும் தெளிவாகத் தெரியணும். முகபாவமும் அந்த மொழியின் இலக்கணத்தில் சேர்த்திதான்.

ஆடியோ விவரிப்புக்குத் தனிச் செலவு ஆகுமா?

சினிமாவுக்கு ஆகும். டுடோரியல், அலுவலகப் பயிற்சி வீடியோக்களில் ஸ்கிரிப்ட் எழுதும்போதே பெரும்பாலும் முடித்துவிடலாம். 'இங்க கிளிக் பண்ணுங்க' என்பதற்குப் பதில் 'வலப்பக்கம் மேலே இருக்கிற பதிவு செய்க பட்டனை அழுத்துங்க' என்று சொல்லுங்கள். திரையில் வரும் எண், தேதி, பெயரை வாய்விட்டுப் படியுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம்

ஒரு நொடியில் 3 முறைக்கு மேல் பளிச்சிடும் காட்சிகள் வேண்டாம். சிலருக்கு வலிப்பு வரலாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட் தேவை என்பது டபிள்யூசிஏஜி எனும் சர்வதேச வழிகாட்டுதல்.

வெளியிடும் முன், சத்தத்தை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். எது விட்டுப்போகுதோ, அதைச் சேர்த்துட்டுப் போடுங்க.