பாய்காட் (வினைச்சொல்)

பாய்காட் என்பது, எதிர்ப்பின் அடையாளமாக ஒருவருடனோ ஒரு நிறுவனத்துடனோ கொடுக்கல் வாங்கலைப் பலர் ஒன்றுகூடித் தவிர்த்தலைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல் ஆகும். தமிழில் இது புறக்கணித்தல் எனப்படும்.

தோற்றம்

இச்சொல் சார்லசு கன்னிங்காம் பாய்காட் (1832–1897) என்பவரின் பெயரிலிருந்து தோன்றியது. இவர் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஏர்ன் பிரபுவின் நிலங்களை மேற்பார்வையிட்ட முகவர் ஆவார். 1880 இல் குத்தகைக் குறைப்புக் கோரிய குடியானவர்களை வெளியேற்ற முயன்றார். நிலக் கழகத்தின் தூண்டுதலால் வேலையாட்கள் இவரது வயலில் இறங்கவில்லை. கடைக்காரர்கள் பொருள் விற்கவில்லை. அறுவடைக்கென அல்சுடரிலிருந்து வந்த சுமார் 50 பேருக்குப் படையினர் காவல் நின்றனர். அவ்வாண்டு திசம்பரில் இவர் அயர்லாந்தை விட்டு நீங்கினார்.

பயன்பாடு

அதே ஆண்டில் செய்தித்தாள்கள் இப்பெயரை வினைச்சொல்லாகக் கையாண்டன. பிரெஞ்சு, இடாய்ச்சு முதலிய மொழிகளும் இதனை ஏற்றுக்கொண்டன. இச்சொல் பெயர்ச்சொல்லாகவும் வழங்குகிறது.